மூன்றாவது அடவு

இலங்கையின் கலவானப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் முற்றத்தில், ஈரப் புல்லில், பரதநாட்டிய முதல் வகுப்பு. டவுனிலிருந்து வந்த நிரோஷா டீச்சர் காலைத் தட்டிக் காட்டினார். கொழுந்து பறிக்கும் எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தட்டினார்கள்.

"டீச்சர்..." என்றாள் அவர்களில் ஒருத்தியான யோகமணி.

"ஆடும்போது பேசக் கூடாது! நான் செய்றத அப்படியே செய்யுங்க. இன்னொருக்கா வாயத் தெறந்தா திருவிழா மேடையில ஏற முடியாது."

யோகமணி மற்றவர்களோடு சேர்ந்து தட்டினாள்.

இரண்டு தட்டு ஆயிற்று. மூன்றாவதற்கு டீச்சர் வீலென்று கத்தி, எகிறிக் குதித்து, கெண்டைக்காலில் படபடவென்று அடித்துக்கொண்டார். எட்டுப் பேரும் கத்தினார்கள், எகிறினார்கள், அடித்துக்கொண்டார்கள். தாளம் இம்மியும் பிசகவில்லை.

"ஐயோ, இது அடவு இல்ல! கால்ல அட்டை கடிக்குது!"

"அது ஏறினப்பவே சொல்ல வந்தேங்க டீச்சர்," என்று யோகமணி, அட்டை விழத் தேய்ப்பதற்காக இடுப்பில் செருகியிருந்த சவர்க்கார சோப்புத் துண்டை நீட்டினாள். "ஆனா திருவிழாவுக்கு இதையே ஆடிருவோமா? இது ஒண்ணுதான் எங்க எல்லாருக்கும் சரியா வந்திருக்கு."