அகிலா திரும்பினால் நிஜம்

"அப்பா, துர்கா வந்து நின்னுக்கினு இருக்கேம்பா."

குரல் தெருக்கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. நான் எழுந்து ஓடவில்லை. ஓடிய காலமெல்லாம் போய்விட்டது. தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அகிலாவின் முகத்தைப் பார்த்தேன்.

இது அவள் கண்டுபிடித்த வைத்தியம். ஏதாவது குரல் கேட்டால் என்னைப் பாருங்கள், நானும் திரும்பினால் அது நிஜம், திரும்பாவிட்டால் அது உங்களுடையது என்று சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மாவே கேட்டுவிட்டு நல்ல ஏற்பாடு என்றார்.

எனக்கு வந்திருப்பது மனச்சிதைவு. ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடும் நோயில்லை. டாக்டரம்மா கேள்வி கேட்டே பிடித்தார்.

இல்லாத குரல் கேட்கிறதா? கேட்கிறது. யாராவது வேவு பார்க்கிறார்களா? ஆமாம், தறிக்கு மேலே, பூவேலைக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டிக்குள் ஒருவன் உட்கார்ந்து என் டிசைனைத் திருடுகிறான்.

அந்தப் பெட்டிக்குள் பூனை உட்காரக்கூட இடம் போதாது. அவன் திருடியதாக நான் சொன்ன டிசைனும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு ஓடும் அதே அன்னப்பட்சிதான். எனக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

எவ்வளவு நாளாக என்று கேட்டார். அரை வருஷத்துக்கு மேலேயே இருக்கும் என்றாள் அகிலா. முன்பு இந்த நோய்க்குள்ளேயே பல வகை பிரித்து வைத்திருந்தார்களாம், இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தானாம். சேலைக் கரைக்கு எத்தனை பெயர் இருக்கிறது, எனக்குத் தனியாக ஒன்று இல்லையே என்று எனக்குக் குறைதான்.

மாத்திரையில் பெட்டிக்காரன் போய்விட்டான். துர்காவின் குரல் மட்டும் அவ்வப்போது வந்தது.

துர்கா எங்கள் ஒரே மகள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வாலாஜாபாத் போனாள். இனி அவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றாள் அகிலா. அதற்குப் பிறகு மகள் கூப்பிடுவதாக எனக்குக் கேட்கும். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, காலித் தெருவைப் பார்த்து வாம்மா என்பேன். தெரு சிரித்தது. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இப்போது திறந்து, வெளியே யாரும் இல்லாவிட்டால் மாத்திரை கூடும். கூடினால் எனக்குக் கை நடுங்கும், பட்டு நெய்ய முடியாது. அவள் நிஜமாகவே நின்று, நான் திறக்காமல் போனால் இனி வரவே மாட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

அகிலா திரும்பவில்லை.

சரி, இதுவும் என்னுடையதுதான் என்று தறியை மிதித்தேன்.

நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. சேலையின் உடலுக்கு இழை கொண்டுபோகும் நாடாக் கட்டையை நான் ஓட்டுவேன், கரைக்கான நாடாவை அகிலா தள்ளுவாள். இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமானதிலிருந்து அவள்தான் எனக்குக் கரை போடுகிறாள். காய்ச்சலில் உட்கார்ந்தபோதுகூட ஓர் இழை விட்டதில்லை.

இன்று விட்டிருந்தாள். பச்சை உடலும் சிவப்புக் கரையும் சேராமல் நடுவில் விலகி நின்றன. அவளுடைய நாடா கையை விட்டுப் போகவேயில்லை. அதை இறுக்கிப் பிடித்தபடி தறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே செருப்புச் சத்தம் படியிறங்கியது.

நான் தறிக்குழியிலிருந்து காலை எடுத்து எழுந்தேன். அகிலா தடுக்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னாலிருந்து அவள் பேசினாள்.

"சாப்ட்டாளான்னு கேளுங்க."

அந்தக் குரலை நான் யார் முகத்தையும் பார்த்துச் சரிபார்க்கவில்லை.