ரைஸ் குக்கரின் ஐரோப்பா

லண்டனில் குடியிருந்த சேவியரும் ஸ்டெல்லாவும் கைக்குழந்தையோடு சிக்கனமாய் ஓர் ஊர் சுற்றிவர நினைத்தார்கள். புடாபெஸ்டா, ஜூரிக்கா என்று வீட்டில் ஒரே பேச்சு.

"புடாபெஸ்ட்தான். அங்கே ஓட்டல் சாப்பாடு மலிவு. உனக்கு வேலையே இல்லை, தங்கச்சி," என்றது பீரோ மேலிருந்த பெரிய சூட்கேஸ்.

குட்டி ரைஸ் குக்கர் மூடியைப் படபடவென்று ஆட்டியது. பாப்பாவுக்குக் குழைந்த சாதம் வடிவாய் ஆக்கிக் கொடுக்க அதைவிட்டால் யார்? ஓட்டல்காரன் காரத்தை அள்ளிப் போட்டுவிட்டால்?

"மாதாவே, ஜூரிக்கே அமையட்டும்! அங்கே டீ விலையைக் கேட்டாலே சார் மயங்கிடுவாராம். அறையிலேயே சமைச்சுத்தானே ஆகணும்?"

"சிக்கனத்துக்கு விலை கூடின ஊரா? உனக்கு மூளை குழைஞ்சுபோச்சு!"

புடாபெஸ்ட்தான் முடிவானது. அடிமட்ட விலை டிக்கெட் என்பதால் ஆளுக்கொரு சின்னப் பைதான் அனுமதி. சூட்கேஸை யாரும் இறக்கவே இல்லை.

கிளம்பும் நேரத்தில் ஸ்டெல்லா, கணவனின் பையிலிருந்த கோட்டை உருவி எறிந்துவிட்டு அந்த இடத்தில் குக்கரைத் திணித்தாள்.

"அங்கேதான் ஓட்டல் மலிவாச்சே!" என்றான் சேவியர்.

"மலிவா இருந்தா? எம்புள்ள வயிறு என்னத்துக்கு ஆகும்?"

பைக்குள்ளிருந்து குக்கர் குரல் கொடுத்தது: "அண்ணே, வீட்டைப் பத்திரமாப் பாத்துக்குங்க!"