இருநூறு கெஜம்

"தூரத்துல இருந்து சுட்டது என் தப்புதான் சார். என்னை இன்னா வேணா பண்ணுங்க!" உமாபதி தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஏட்டு சீனிவாசன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே தையல்நாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் துரைக்கண்ணு செத்து இன்றோடு மூன்று நாள். பாலாற்றுக்குத் தெற்கே, மான் வேட்டைக்குப் போன இடத்தில், மான் என்று நினைத்து அவரைச் சுட்டுவிட்டவன் அவளுடைய சொந்தத் தம்பி, இந்த உமாபதி. பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் இன்னும் ஒரு தறிகூட ஓடவில்லை.

சீனிவாசனுக்குத் துரைக்கண்ணுவை நன்றாகத் தெரியும். லைசென்ஸ் வைத்து வேட்டையாடியவர். முப்பது தப்படிக்குள் போகாமல் விசையைத் தொடமாட்டார். காற்று பார்த்து, முள்ளில் வயிற்றால் ஊர்ந்து போவார். பாதி நாள் வெறுங்கையோடு திரும்புவார். "ஒரே குண்டுல போவணும் சார். இல்லாட்டி நாலு நாள் புழு வெச்சு சாவும். அந்தப் பாவம் நமக்கு இன்னாத்துக்கு?" என்பார்.

உமாபதி வேறு ரகம். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்தான். மெட்ராஸில் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய டெலஸ்கோப் ரைபிளை ஜீப்பில் உட்கார்ந்தபடியே நீட்டுவான். விழுந்ததை எடுத்துக்கொள்வான். அடிபட்டு ஓடியதைத் தேடமாட்டான். போன மாதம் தொடையில் குண்டு வாங்கிய சினைமான் ஒன்று ஏரிக்கரையில் விழுந்து கிடக்க, உயிர் போகுமுன்பே நாய்கள் அதைத் தின்றன. பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போன துரைக்கண்ணு, கூட்டத்துக்கு நடுவிலேயே மைத்துனனை அடிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவர் எதற்குப் பயந்தாரோ அது அவர் தலையிலேயே விடிந்துவிட்டதே என்று சீனிவாசனுக்கு நெஞ்சு கனத்தது.

"இன்னா நடந்துச்சு? உன் அக்காவுக்கும் கேக்கறாப்போல சொல்லு."

உமாபதி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சண்டை போதும் மாமா, இனிமே உங்க வழியிலயே சுடலாம், வாங்கன்னு நான்தான் சார் கூப்ட்டேன். சந்தோஷமா வந்தாரு. அவரு புதர்ல ஊர்ந்து போய்க்கினு இருந்தாரு. நான் மேட்டுல படுத்துக்கினு இருந்தேன். பழுப்பா ஒண்ணு அசைஞ்சுது. பழக்க தோஷம், கை அடங்கல."

"டெலஸ்கோப்புல பாத்துமா ஆளுன்னு தெரியல?"

"முதுகு மட்டும்தான் சார் தெரிஞ்சுது. சாயங்கால வெயிலு வேற எதிர்ல."

"இதுக்குத்தான்யா கிட்டப் போவணும்னு அந்த மனுஷன் அடிச்சிக்கினாரு" என்றார் சீனிவாசன் கோபமாக. "தூரத்துல இருக்கறவனுக்கு எல்லாம் பொம்மை மாதிரி. கிட்டப் போய்ப் பாத்தா, எவனுக்கும் ஒரு ஆளைச் சுட கை வராது."

உமாபதி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

தையல்நாயகி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எவ்ளோ தூரம்பா இருக்கும்?"

"இருநூறு கெஜம்கா."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"அதுக்குக் கொறையாதுக்கா. நான் மேட்டுலருந்து எறங்கி ஓடறதுக்குள்ள உயிரு பூடுச்சு."

"அதுக்கு முன்னாடி நீ கிட்டவே போவல?"

"உன் மேல சத்தியமா இல்லக்கா! கடைசியா ஒரு வார்த்தை பேசக்கூட எனக்குக் குடுத்து வைக்கல."

அவள் சீனிவாசன் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கினீங்களா சார்? மொதல்ல அவன் கையெழுத்து போடட்டும். அப்புறம் நான் போடறேன்."

புருஷனைப் பறிகொடுத்த துக்கத்திலும் தம்பியைக் காப்பாற்ற நினைக்கிறாளே என்று ஏட்டுக்குக் கண் கலங்கியது. அவருக்கும் இதைச் சீக்கிரம் முடித்தால் தேவலை என்றிருந்தது. செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. இவனும் ஜெயிலுக்குப் போனால் இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். இருநூறு கெஜம் என்ற இடத்தில் உமாபதி தலையாட்டினான். மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டான். பிறகு அக்காவின் காலில் விழுந்து, "மன்னிச்சிடுக்கா" என்று கதறினான். அவள் அவன் தலையை ஒருமுறை மெல்லத் தடவினாள். சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"இதுல நீ போடும்மா" என்று சீனிவாசன் அடுத்த தாளை நீட்டினார். "இது விபத்து, எனக்கு யார்மேலும் சந்தேகம் இல்லைன்னு எழுதியிருக்குது. அவ்ளோதான்."

"இருங்க, வந்துட்டேன்."

உள்ளே போனவள் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். ஏட்டின் முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். ரத்தம் உறைந்து விறைத்துப்போன ஒரு சட்டை.

"ஜீப்புலருந்து எறக்கினதும் நான்தான் கழட்டினேன். யாரும் கேக்கல. நானும் குடுக்கல."

சட்டையைத் திருப்பி முதுகுப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துணி கருகித் தீய்ந்திருந்தது. சீனிவாசன் இருபது வருஷமாகத் துப்பாக்கி பிடித்தவர். குழல் முனையை முதுகோடு ஒட்டி வைத்தால் தவிர துணி அப்படித் தீயாது.

உமாபதியின் அழுகை சட்டென்று நின்றது.

"இருநூறு கெஜத்துலருந்து சுட்டா சட்டை கருகுமா, சார்?" என்று கேட்டாள் தையல்நாயகி.