முதல் சம்பளத்துக் காசு

நகை செய்யும் பத்தர் கையில் எடுத்த காசைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது.

கரவெட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில், மகன் செந்தூரனுக்குப் பொன்னுருக்கல். இன்று உருக்குகிற பொன்னில்தான் அவன் கட்டப்போகும் தாலி செய்வார்கள்.

தட்டத்தில் இருக்கவேண்டியது இங்கிலீஸ் தங்கப் பவுண். அதை அலுமாரியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

பத்தரின் விரலிடுக்கில் குறுந்தாடியோடு இருந்தவரோ பிரெஞ்சு அரசர்!

மூன்றாம் நெப்போலியனின் இருபது பிராங்க் தங்கக் காசு. அந்த வருடத்துக் காசு கிடைப்பது குதிரைக்கொம்பு. பாரிசில் கோப்பை கழுவிய முதல் சம்பளத்தில் வாங்கியது.

அது மூட்டிவிட்ட ஆசையில்தான் என் காசு அல்பத்திலுள்ள மற்றப் பதினெட்டையும் தேடிப் பிடித்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! கை விறைக்கிற குளிரில், கோட்டுப் பையில் சாப்பிட வைத்த பாண் துண்டோடு, பழைய காசுக் கடைகளின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகும், ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும், அந்தத் தெருக்கள் வந்துவிடும்.

என் மனைவி உதயகலா மாறி எடுத்துவிட்டாள். மினுங்குகிறதெல்லாம் விலை கூடியது, மங்கினதை உருக்கலாம் என்று நினைத்திருப்பாள். விசரி!

காசை உருக்கும் மூசை தணலுக்குள் சிவந்துகொண்டிருந்தது. சுபநேரம் முடிய ஆறு நிமிடம்தான். சபை நடுவே நிறுத்தச் சொல்லிக் கத்தினால் அபசகுனம். சனம் காலத்துக்கும் சொல்லிக்காட்டும்.

மெல்ல நகர்ந்து அவளருகே போனேன்.

“உமக்கென்ன விசரே? அது என்ரை அல்பத்துக் காசு. ஓடிப்போய் அலுமாரியில இருக்கிற பவுணைக் கொண்டு வாரும்.”

அவள் அசையவில்லை. பத்தரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சுதான் எடுத்தனான். என்ரை தாலிக்கெண்டு வாங்கினதாய்க் கடிதம் எழுதினனியளெல்லே? இப்பவாவது உருகட்டும்.”

எழுதினேன்தான்.

எங்கள் கல்யாணம் நடந்தது, சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில். பொன்னும் இல்லை, உருக்கலும் இல்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிவிட்டு, முதல் உழைப்பில் தாலிக்குப் பொன் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பாரிசுக்குப் போனேன். காசை வாங்கிய அன்றே கடிதமும் போட்டேன். பிறகு அதன் அருமை தெரிந்தது. அனுப்ப மனம் வரவில்லை. அவள் பாரிசுக்கு வந்தபோது, கடையில் ஆயத்தமாய் இருந்த தாலிக்கொடியொன்றை வாங்கிப் போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

பத்தர் என் முகத்தைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன்.

காசு மூசைக்குள் விழுந்தது.

அரசரின் தாடி கரையத் தொடங்கியபோது, உதயகலாவின் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போனது.