மாஸ்க் அலமாரி

சந்தானத்துக்கு ஏ.எல்.எஸ். நோய் கைகாலோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஆமென்றால் ஒருமுறை, இல்லையென்றால் இருமுறை கண் சிமிட்டுவார். நோயாளிகளின் பழைய வேலைகளை ஆராயும் பெண் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

"பேட்டரி கம்பெனில ஈயம் உருக்குற இடத்துல சூப்பர்வைசரா இருந்தீங்களா சார்?"

ஒருமுறை சிமிட்டினார்.

"மாஸ்க் போடுவீங்களா?"

ஒருமுறை.

"கூட வேலை செஞ்சவங்க?"

மாஸ்க் அலமாரியின் சாவி அவரிடம்தான் இருந்தது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் எடுத்துக் கொடுப்பார். ஜீப் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்.

இருமுறை சிமிட்டத் தொடங்கினார். முதலாவது முடிவதற்குள், அந்த உலையடியில் இருபது வருடம் நின்றவனும் இப்போது ஞாயிறுதோறும் அவரைக் குளிப்பாட்ட வருகிறவனுமான பிச்சைமுத்து முந்திக்கொண்டான்.

"எல்லாருக்கும் குடுத்தாரும்மா. போடாம உள்ளயே விடமாட்டாரு."

அவள் குனிந்து எழுதினாள். சந்தானம் இரண்டாம் முறையாகக் கண்ணை மூடினார். திறந்து அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அவர் கடைவாயில் வழிந்த எச்சிலைத் துண்டால் ஒற்றியபடி பிச்சைமுத்து சொன்னான்: "சாருக்குத் தூக்கம் வருதும்மா. நீங்க கெளம்புங்க."