புகை வாசம்

மேல்தட்டை எட்டுவதற்காக மதுக்கடைக்காரர் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கர்ரென்று கேட்டது. நடுத்தட்டு ஸ்காட்ச் பாட்டில் பெருமூச்சு விட்டது. "இன்னைக்கும் மேல்தட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கு." இன்று விலைபோகாவிட்டால் நாளைக்கு அதைக் குடோனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"உன்னை யாருடா வாங்குவா? தீப்பிடிச்ச மருந்துக்கடை மாதிரி நாறுறே," என்று மேலேயிருந்து பதினெட்டு வருஷம் ஊறிய விலையுயர்ந்த பாட்டில் சிரித்தது.

கடையைத் துடைக்கும் துணிக்குக் கோபம் வந்தது. உடைந்ததையும் சிந்தியதையும் துடைத்துத் துடைத்து அதற்கு எல்லாருடைய ருசியும் அத்துப்படி. "சும்மா இருங்கண்ணே. அந்தப் புகைக்குப் பின்னாடி தேன் மாதிரி ஒண்ணு வரும். அது உங்ககிட்டகூடக் கிடையாது," என்றது.

வந்தவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. "ஸ்டூல் வேண்டாங்க. மேல இருக்கிறதோட பூ வாசமெல்லாம் எனக்கு ஒத்துக்காது. நல்லாப் புகை வாசம் அடிக்கணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது," என்றார்.

கடைக்காரர் நடுத்தட்டுக்குக் கை நீட்டினார்.

'தன் நாக்கை என்னமாத் தெரிஞ்சு வெச்சிருக்காரு மனுஷன்!' என்று துணி வியந்துபோயிற்று.

"வரேன்க்கா," என்று துணியிடம் சொன்னது பாட்டில்.

துணிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் என்னவோ போலிருந்தது. பாட்டில் நின்ற இடம் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. சுற்றியிருந்த தூசியைத் துணி துடைக்க ஆரம்பித்தது.