பதாகையில் இல்லாதவர்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒரு தரவுத்தள மென்பொருளுக்கான மாநாடு. பிற்பகல் வெயில் சன்னல் வழியே சாய்ந்து மேடைப் பதாகையில் விழுகிறது. அதில், மாநாட்டுக்குப் பணம் தரும் நிறுவனத்தின் பெயர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அந்தத் தரவுத்தள மென்பொருளின் பெயர், கீழே கடுகளவு. மைக் முன்னால் நிற்கிற திருமுருகனின் டி-சட்டையிலும் அதே நிறுவனத்தின் முத்திரைதான். “‘நாங்க உருவாக்கினோம்’னு சொல்லுங்க லா, ஸ்பான்சர் நாமதானே,” என்று சற்றுமுன் சொல்லி அனுப்பிய விளம்பரப் பிரிவு நஸ்ரின், முன்வரிசையில் போனை உயர்த்திப் படம் பிடிக்கிறாள். இந்த நாட்டில் அவன் வேலை செய்வதற்கான பெர்மிட்டை அடுத்த மாதம் நிறுவனம்தான் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது வரிசையில், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த வசுந்தரா உட்கார்ந்திருக்கிறாள். பகலில் கப்பல் அலுவலக வேலை. ஒன்பது வருடமாக, சம்பளமில்லாமல், இந்த மென்பொருளின் தேடல் பகுதியை எழுதுகிறவள். போன வருடம் தேடல் பழுதாகி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தவித்தபோது காப்பாற்றியது அவளுடைய திருத்தம்தான். திருமுருகன் பதாகையைத் திரும்பிப் பார்க்கிறான். “இதை நாங்க உருவாக்கல,” என்கிறான். “நாங்க ஸ்பான்சர் மட்டும்தான். உருவாக்கினவங்க இங்க இருக்காங்க. வசுந்தரா அக்கா, எழுந்திருங்க.” நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன. எல்லாத் தலையும் திரும்புகிறது. நஸ்ரினின் போன் மெல்லக் கீழே இறங்குகிறது. அவன் நஸ்ரினின் முகத்தைப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கி மைக்கை நீட்டுகிறான். வசுந்தரா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள். “நான் மட்டும் இல்ல, இன்னும் பதினாறு பேர் இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்குகிறாள்.